வாசலை மறித்தது யார்?



திமிர்வாதக்காரன் ஒருவனை நால்வர் சுமந்துகொண்டு வந்த சம்பவத்தை (மாற்கு 2:1-12) நீங்கள் எத்தனையோ முறை பிரசங்கமாகக் கேட்டிருப்பீர்கள். நானும் என் ஊழிய நாட்களில் அதைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். அந்த நால்வரின் விசுவாசம், அவர்களுடைய ஒருமனம், கூரையைப் பிரிக்கத் துணிந்த வைராக்கியம் என்று வேதாகமக் கல்லூரி நாட்களில் எழுதிக்கொண்ட மூன்று தலைப்புகள் என் பழைய குறிப்பேட்டில் இன்றும் இருக்கின்றன. ஆனால் ஒரு கேள்வியை மாத்திரம் நான் கேட்டதே இல்லை. அவர்கள் ஏன் கூரையின்மேல் ஏறவேண்டியதாயிற்று? அந்த வீட்டுக்கு வாசல் இருந்ததே! அந்த வாசலை மறித்தது யார்?

இந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு பேராசிரியர் அல்ல. எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு சகோதரர்.

பத்தொன்பது படிகள்

அவர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்பைத் தேடி நகரத்துக்கு வந்தவர். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடிபட்டதால், இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போயிற்று. சபை அவருக்காக உபவாசித்து ஜெபித்தது. மருத்துவச் செலவுக்கு இயன்றதைக் கொடுத்தது. பின்பு சபையார் காணிக்கை சேர்த்து ஒரு சக்கர நாற்காலியும் வாங்கிக் கொடுத்தோம். அதை ஜெபத்தோடு ஒப்படைத்த ஞாயிற்றுக்கிழமையன்று, நம் கடமையை நிறைவேற்றிவிட்டோம் என்றே நான் எண்ணினேன்.

எங்கள் ஆராதனை மண்டபம் அப்போது ஒரு வாடகைக் கட்டடத்தின் முதல் மாடியில் இருந்தது. கீழே கடைகள், மேலே ஏறப் பத்தொன்பது படிகள். வாலிபர் நால்வர் ஞாயிறுதோறும் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வருவார்கள். அதைக் காணும்போதெல்லாம் எனக்கு மாற்கு இரண்டாம் அதிகாரம் நினைவுக்கு வரும். 'இதோ, நம் சபையிலும் அந்த நால்வர் இருக்கிறார்கள்' என்று பிரசங்கபீடத்திலிருந்தே சொல்லியிருக்கிறேன்.

ஒரு மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமை, ஈரப் படியில் ஒரு தம்பியின் கால் வழுக்கியது. நாற்காலி சாய்ந்து சகோதரர் சுவரில் மோதிக்கொண்டார். பெரிய காயமில்லை, கர்த்தர் காத்தார். ஆனால் அதற்குப்பின் மூன்று வாரம் அவர் ஆராதனைக்கு வரவில்லை. நான் அவர் வீட்டுக்குப் போனேன்.

"பயந்துவிட்டீர்களா தம்பி?" என்று கேட்டேன்.

"பயமில்லை ஐயா" என்றார். "தம்பிமார்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அவர்கள் நாலு பேரும் வந்தால்தான் நான் சபைக்கு வரமுடியும். ஒருவர் ஊருக்குப் போனாலும் நான் வீட்டில்தான். ஆராதனை நடுவிலே வெளியே போகவேண்டுமானால் நாலு பேரை எழுப்பவேண்டும். அதனால் சனிக்கிழமை இரவிலிருந்தே நான் தண்ணீர் குடிப்பதில்லை. என்னைத் தூக்கிக்கொண்டு வர ஆட்கள் இருக்கிறார்கள் ஐயா. நானாக வருவதற்குத்தான் வழியில்லை."

பிரியமானவர்களே, முதுகெலும்பில் அடிபட்டவர்கள் தாராளமாகத் தண்ணீர் குடிக்கவேண்டும் என்பது மருத்துவர்கள் தவறாமல் கூறும் அறிவுரை. இரண்டு ஆண்டுகளாக ஒரு மனிதர் தாகத்தோடு நம் நடுவில் உட்கார்ந்து ஜீவத்தண்ணீரைக் குறித்த பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறார்! பிரசங்கித்தவனாகிய நான் அதை அறியவில்லை.

வீடு திரும்பி மாற்கு இரண்டாம் அதிகாரத்தை மறுபடியும் வாசித்தேன். வாசலை மறித்தவர்கள் இயேசுவின் பகைவர்கள் என்று அங்கே எழுதப்படவில்லை. வசனம் கேட்க வந்த ஜனக்கூட்டமே வாசலை மறித்து நின்றது. யோனத்தானின் குமாரனாகிய மேவிபோசேத்தையும் நினைத்துப் பார்த்தேன். அவன் பிறவியிலே முடவன் அல்ல. ஐந்து வயதில் அவனை அன்போடு தூக்கிக்கொண்டு ஓடிய தாதியின் கையிலிருந்து விழுந்ததினாலேயே முடவனானான் (2 சாமுவேல் 4:4). தூக்கிச் சுமப்பது அன்புதான். ஆனால் அன்பு அத்தோடு நின்றுவிடலாகாது.

அரை கிலோமீட்டர் பயணம்

அடுத்த சனிக்கிழமை காலை, அவருடைய வீட்டிலிருந்து மண்டபம்வரை அவரோடு நடந்து பார்த்தேன். தூரம் அரை கிலோமீட்டர்கூட இராது. ஊரின் பெயரை நான் வேண்டுமென்றே சொல்லவில்லை. சொன்னால், 'அது அந்த நகரத்தாரின் குறை' என்று மற்றவர்கள் கடந்து போய்விடுவீர்கள். மும்பையானாலும், பெங்களூருவானாலும், டெல்லியானாலும் உங்கள் தெருவில் இதையே காண்பீர்கள்.

நடைபாதை தரையிலிருந்து ஒரு முழங்கால் உயரத்தில் இருந்தது. ஓரிடத்தில் ஏறுவதற்குச் சாய்தளம் அமைத்திருந்தார்கள். ஆனால் அதன் தலைப்பில் இரும்புத் தூண்களை நெருக்கமாக நட்டிருந்தார்கள். பார்வையற்றோர் காலாலும் கோலாலும் தடவி நடப்பதற்கென்று மேடு வரிகள் கொண்ட மஞ்சள் கற்களும் பதிக்கப்பட்டிருந்தன. அவை நேராகச் சென்று ஒரு மின்பெட்டியில் முட்டி நின்றன. இன்னும் சிறிது தூரத்தில் ஒரு கடையின் சாமான் அடுக்கு பாதையை முழுவதும் அடைத்திருந்தது. அது நம் சபை விசுவாசி ஒருவருடைய கடை.

மண்டபத்தின் முன்னால் வந்ததும் சகோதரர் சிரித்தார். "இன்றைக்கு இந்த இடம் காலியாக இருக்கிறது ஐயா. ஞாயிற்றுக்கிழமை இந்த நடைபாதை முழுவதும் நம் சபையாரின் மோட்டார் சைக்கிள்கள் நிற்கும்" என்றார். அவர் அவ்வளவு தூரமும் பேருந்துகளுக்கும் லாரிகளுக்கும் நடுவே சாலையில்தான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். எங்களுக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று.

குருடனுக்கு முன்னே தடைபோடக்கூடாது என்று லேவியராகமம் 19:14 கட்டளையிடுகிறது. அந்தத் தடைகளில் சில மாநகராட்சி வைத்தவை. சில நாமே வைத்தவை. இரண்டைக் குறித்தும் பேசவேண்டும்.

சட்டம் என்ன சொல்லுகிறது?

இந்திய அரசியலமைப்புச் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் 1993-ல் நடைமுறைக்கு வந்தது. நகராட்சிகளுக்கும் மாநகராட்சிகளுக்கும் ஒப்படைக்கத்தக்க பணிகளைப் பன்னிரண்டாம் அட்டவணையில் அது பட்டியலிடுகிறது. சாலை, குடிநீர், சுகாதாரம் ஆகியவற்றோடு, உடல் ஊனமுற்றோரும் மனவளர்ச்சி குன்றியோரும் உட்பட நலிந்த பிரிவினரின் நலனைக் காப்பதும் அப்பட்டியலில் உண்டு. ஆகவே ஒரு சாய்தளம் அமைப்பது மாநகராட்சி மனமிரங்கிப் போடும் பிச்சை அல்ல. அதன் பணிகளில் ஒன்று.

1995-ல் ஊனமுற்றோருக்கான முதல் விரிவான சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியது. 2007-ல் ஐக்கிய நாடுகள் சபையின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா ஏற்றுக்கொண்டது. 2015 டிசம்பர் 3-ல், கட்டடங்களையும் போக்குவரத்தையும் தகவல் தொடர்பையும் தடையற்றதாக்கும் நோக்கத்தோடு 'சுகம்ய பாரத் அபியான்' என்னும் இயக்கத்தை மத்திய அரசு தொடங்கியது. பின்பு 2016-ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டத்தில் ஏழாக இருந்த ஊன வகைகள் இப்புதிய சட்டத்தில் இருபத்தொன்றாயின.

இச்சட்டத்தின் 44-ஆம் பிரிவின்படி, தடையற்ற அமைப்புக்கான விதிகளைப் பின்பற்றாத கட்டட வரைபடத்துக்கு அனுமதி கொடுக்கலாகாது; கட்டி முடித்த கட்டடத்துக்கு நிறைவுச் சான்றிதழும் வழங்கலாகாது. 45-ஆம் பிரிவு பழைய பொதுக் கட்டடங்களை மாற்றியமைக்க ஐந்து ஆண்டு தவணை கொடுத்தது. விதிகள் 2017 ஜூனில் வெளிவந்தன. ஐந்து ஆண்டுகளும் கடந்துவிட்டன. சட்டத்தை மீறுவோருக்கு முதல்முறை 10,000 ரூபாய் வரையும், மறுபடியும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் உண்டு.

அப்படியானால் ஏன் இன்னும் இந்த நிலை? பார்வையற்ற ஒருவர் 2005-ல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று வந்த தீர்ப்பு இதற்கு ஒரு காரணத்தை எடுத்துக்காட்டியது. சட்டம் கட்டாயம் என்கிறது. அதன்கீழ் வகுக்கப்பட்ட விதியோ வெறும் வழிகாட்டுதல்களையே தந்திருந்தது. அந்த விதி சட்டத்துக்கு முரணானது என்று கூறிய நீதிமன்றம், கட்டாயமாகப் பின்பற்றவேண்டிய அளவுகோல்களை மூன்று மாதத்துக்குள் வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. வழக்குத் தொடுத்த நாளிலிருந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

வேதம் அறிந்த நமக்கு இப்படிப்பட்ட சட்டம் புதிதல்ல. புது வீடு கட்டுகிறவன் மொட்டைமாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் கட்டவேண்டும், இல்லாவிட்டால் அங்கிருந்து விழுகிறவனுடைய இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும் என்று உபாகமம் 22:8 எச்சரிக்கிறது. விழுந்தவனைக் குற்றப்படுத்தாமல், கட்டினவனிடத்தில் கணக்குக் கேட்கிற சட்டம் அது.

மும்பையின் இரும்புத் தூண்கள்

மாநகராட்சிகள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமல்ல. செய்கிறார்கள்; செலவும் செய்கிறார்கள். ஆனால் செய்வது பலவேளைகளில் பயனற்றுப் போகிறது. அதற்கு மும்பை நகரத்தில் நடந்த ஒரு காரியத்தைச் சான்றாகக் காட்டலாம்.

மும்பை நடைபாதைகளில் மோட்டார் சைக்கிள்கள் ஏறி ஓடுவதைத் தடுக்க, பாதையின் முகப்பில் குட்டையான இரும்புத் தூண்களை நட்டார்கள். நடப்பவர்களைக் காப்பதே நோக்கம்; நல்ல நோக்கம்தான். ஆனால் தூண்களுக்கு நடுவே மோட்டார் சைக்கிள் நுழையாதபடி நெருக்கியபோது, சக்கர நாற்காலியும் நுழையமுடியாமற் போயிற்று. 2023-ல் சக்கர நாற்காலியைப் பயன்படுத்தும் ஒரு வாலிபர் இதைக் குறித்துப் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதிக்குக் கடிதம் அனுப்பினார். நீதிமன்றம் அதையே பொதுநல வழக்காகத் தானாக முன்வந்து எடுத்துக்கொண்டது. தூண்களை மாற்றியமைப்பதாக மாநகராட்சி நீதிமன்றத்தில் தெரிவித்தது.

கவனியுங்கள்: இந்தத் தூண்களை நட்டவர்கள் இரக்கமற்றவர்கள் அல்லர். அவர்களிடத்தில் ஒரு குறைவு மாத்திரம் இருந்தது. நடுவதற்கு முன்பு, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற ஒருவரை அழைத்து, 'இதன் வழியாகப் போக முடிகிறதா?' என்று கேட்கவில்லை. ஒரு மாலைப்பொழுதில் முடிந்திருக்கவேண்டிய காரியம் உயர் நீதிமன்றம்வரை போயிற்று.

அதே நகரத்தில் 2008 முதல் ரயில் நிலையங்களை ஒட்டி ஸ்கைவாக் என்னும் உயரமான நடைபாலங்கள் பெரும்பொருட்செலவில் எழுந்தன. அவற்றில் அநேகம் படிகளால் மாத்திரமே ஏறக்கூடியவையாக அமைந்தன. மறுபுறம், மெட்ரோ நிலையங்களில் ஆரம்பத்திலேயே மின்தூக்கியும் பார்வையற்றோருக்கான தரைக்கற்களும் திட்டமிடப்பட்டன. நம் ஜனங்கள் திரளாக வாழும் தாராவியின் பெயரால் ஒரு நிலத்தடி மெட்ரோ நிலையம் 2025 மே மாதத்தில் திறக்கப்பட்டது. பூமிக்குக் கீழே மின்தூக்கி இருக்கிறது. ஆனால் குறுகிய சந்துக்குள் இருக்கும் வீட்டிலிருந்து நிலையத்தின் வாசல்வரை நாற்காலியில் எப்படி வருவது? சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் சங்கிலி பயனற்றதே. வீடு, சந்து, நடைபாதை, பேருந்து, அலுவலகம், கழிப்பறை ஆகிய இவையனைத்தும் ஒன்றோடொன்று இணைந்தால்தான் அது வழி.

கேட்டுச் செய்தபோது

சென்னை மெரினா கடற்கரையை அறியாத தமிழர் உண்டோ? சாலையிலிருந்து அலைவரை நீளும் அந்த அகலமான மணல் சக்கர நாற்காலிக்குக் கடக்க இயலாத வனாந்தரம். ஆண்டுக்கொருமுறை சில நாட்கள் மாத்திரம் தற்காலிகப் பாதை போடப்பட்டுவந்தது. நிரந்தரப் பாதை வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் பல ஆண்டுகள் விடாமல் கேட்டார்கள். 2022 நவம்பர் 27 அன்று, 1 கோடியே 14 லட்சம் ரூபாய் செலவில் 263 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமுமான மரப்பாதையை மாநகராட்சி திறந்தது. அன்று தங்கள் வாழ்நாளில் முதல்முறையாகக் கடல் அலையை அருகில் கண்டவர்கள் அநேகர். இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் அந்தப் பாதையைச் சேதப்படுத்தியது. 'பணம் வீணாயிற்று' என்று அத்தோடு விட்டுவிடாமல், மாநகராட்சி அதைச் செப்பனிட்டு மறுபடியும் திறந்தது. கட்டுவது ஒரு பங்கு. பராமரிப்பது இன்னொரு பங்கு.

பெங்களூருவிலும் ஒரு பாடம் உண்டு. அங்கே 'டெண்டர் ஷூர்' என்னும் திட்டத்தின்படி நகரின் மையத்திலுள்ள சில சாலைகளை மாற்றியமைத்தார்கள். அகலமான நடைபாதை போட்டு, குழாய்களையும் கம்பிகளையும் அதன்கீழே ஒழுங்காகப் பதித்தார்கள். ஒவ்வொரு துறையும் வந்து தோண்டாமலிருந்தால்தான் பாதை நிலைக்கும் என்பதை அறிந்து செய்த வேலை அது. ஆனால் நகரம் முழுவதற்கும் அது எட்டவில்லை. 2025-ல் அந்நகரின் ஒரே மாநகராட்சி நீக்கப்பட்டு ஐந்து மாநகராட்சிகள் உண்டாக்கப்பட்டன. அங்கே வாழும் வாசகர்களே, உங்கள் பகுதி எந்த மாநகராட்சியில் வருகிறது என்பதை அறிந்துகொள்ளுங்கள். விண்ணப்பத்தை உரிய இடத்தில் கொடுக்க அது உதவும்.

2025-ல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் ஒரு நல்ல காரியத்தைச் செய்தது. ஊராட்சிகளிலும் நகராட்சிகளிலும் மாநகராட்சிகளிலும் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக அமர்த்த வழிசெய்யும் சட்டத் திருத்தங்களை நிறைவேற்றியது. தங்களுக்காகத் தீர்மானம் எழுதப்படும் மேசையில் இனி அவர்களும் உட்காருவார்கள். நாம் குடியேறி வாழும் மற்ற மாநிலங்களிலும் இதைக் கேட்கலாம் அல்லவா?

எரிகோ வீதியில் கூப்பிட்ட பர்திமேயுவை ஆண்டவர் அருகே அழைத்தபோது, அவன் பார்வையற்றவன் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. ஆயினும், நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்று அவனிடத்தில் கேட்டார் (மாற்கு 10:51). சகலத்தையும் அறிந்தவர் கேட்டார். ஒன்றும் அறியாத நாமோ கேளாமலே செய்கிறோம்.

இனி நம் மண்டபத்துக்கு வருவோம்

மாநகராட்சியைக் குறித்து இவ்வளவும் வாசித்தபோது தலையசைத்தீர்கள். இனி ஒரு செய்தி. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 'பொதுக் கட்டடம்' என்பதற்குக் கொடுக்கும் விளக்கத்தில், பொதுமக்கள் வந்துபோகிற தனியார் கட்டடமும் அடங்கும். சமயக் காரியங்களுக்குப் பயன்படும் கட்டடமும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. நம் ஜெபவீடுகள் இந்தச் சட்டத்துக்கு வெளியே இல்லை.

எங்கள் சபையின் மூப்பர் கூட்டத்தில் இதை வைத்தேன். "ஒருவருக்காக இத்தனை செலவா பாஸ்டர்?" என்று ஒரு மூப்பர் கேட்டார். அவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. வாடகைக் கணக்கை எழுதுகிறவர் அவர்தான். அப்போது வயதான ஒரு தாயார், "எனக்கு மூட்டு வலி தம்பி. மாடி ஏற முடியாமல்தான் வெள்ளிக்கிழமை ஜெபத்தை நான் விட்டேன்" என்றார். எண்ணிப் பார்த்தோம். வயதானவர்கள், இருதய நோயாளிகள், கைக்குழந்தைக்காரிகள், பக்கவாதம் வந்த ஒருவர் என்று, படிகளினால் கூடுகையைக் குறைத்துக்கொண்டவர்கள் பதினொரு பேர் இருந்தார்கள். ஒருவருமே வாய் திறந்து சொன்னதில்லை.

கணக்கும் போட்டுப் பார்த்தோம். ஓர் அடி உயரம் ஏறப் பன்னிரண்டு அடி நீளம் என்பதே சாய்தளத்துக்கான அளவு. எங்கள் பத்தொன்பது படிகளின் உயரம் மூன்று மீட்டருக்குமேல். அதற்கு ஏறக்குறைய 39 மீட்டர் நீளத்தில் சாய்தளம் வேண்டும். நடவாத காரியம். மின்தூக்கி வைக்கக் கட்டடச் சொந்தக்காரர் இசையவில்லை. ஆகவே தரைத்தளத்தில் வேறொரு கூடத்தைத் தேடினோம். வாடகை அதிகம், ஒலிபெருக்கிக்காகச் சேர்த்துவைத்திருந்த பணத்தை முன்பணமாகக் கொடுத்தோம்.

புதிய கூடத்துக்கு மூன்றே படிகள். உயரம் 45 சென்டிமீட்டர். சபையிலுள்ள தச்சர் உற்சாகமாய் இரண்டு மீட்டர் நீளத்தில் ஒரு பலகைச் சாய்தளம் செய்துவிட்டார். சகோதரர் அதில் ஏற முயன்று பாதியிலேயே பின்னோக்கிச் சறுக்கினார். 5.4 மீட்டர் வேண்டிய இடம் அது. மாநகராட்சியைக் குறைசொல்லிக்கொண்டிருந்த நாங்களே அவரைக் கேளாமல் செய்தோம்! இரண்டாம் முறை அவரே தச்சரின் அருகில் இருந்து அளவு சொன்னார். திரும்பும் இடத்தின் அகலம், கைப்பிடியின் உயரம், கழிப்பறைக் கதவின் அகலம் என ஒவ்வொன்றையும் அவர் சொல்லச் சொல்லச் செய்தோம். கதவுக்கு 90 சென்டிமீட்டர் அகலம் வேண்டும் என்பதை நான் அன்றுதான் அறிந்தேன்.

ஒரு காரியத்தை வெளிப்படையாகச் சொல்லவேண்டும். நாம் தெய்வீக சுகத்தை விசுவாசிக்கிறவர்கள். அந்தச் சகோதரருக்காக இன்றும் ஜெபிக்கிறோம். ஜெபத்தை நிறுத்தும்படி நான் சொல்லவில்லை. ஆனால், 'சுகமடையும்வரை வெளியே காத்திரு' என்று சொல்ல நமக்கு அதிகாரமில்லை. 'உனக்கு விசுவாசம் போதாது' என்று சிலர் அவரிடத்தில் சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். மேவிபோசேத் கால்கள் முடமானவனாகவே ராஜாவின் பந்தியில் நித்தமும் அசனம்பண்ணினான் (2 சாமுவேல் 9:13). நடந்து காட்டினால்தான் இடம் என்று தாவீது சொல்லவில்லை.

நம் பேச்சையும் கவனிக்கவேண்டும். சப்பாணி, குருடன், செவிடன் என்னும் சொற்கள் நம் வேதப்புத்தகத்தில் உள்ளவைதான். அவற்றை வாசிப்பதில் குற்றமில்லை. ஆனால் எதிரே அமர்ந்திருக்கிற ஒரு சகோதரனை அச்சொல்லால் குறிப்பிடும்போது அவன் மனம் என்ன பாடுபடும்?

நீங்கள் செய்யக்கூடியவை

1. உங்கள் வீட்டிலோ சபையிலோ மாற்றுத்திறனாளி இருந்தால், ஊனச் சான்றிதழும் தனி அடையாள அட்டையும் பெற உதவுங்கள். சட்டப்படி வழங்கப்படும் ஊனச் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும். 'ஊரில் வாங்கியது இங்கே செல்லாது' என்று எவரேனும் சொன்னால் நம்பவேண்டாம்.

2. வீட்டிலிருந்து சபைவரை மாற்றுத்திறனாளி ஒருவரோடு ஒருமுறை நடந்து பாருங்கள். தடைகளைப் புகைப்படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 'பாதை சரியில்லை' என்ற விண்ணப்பம் குப்பைக்குப் போகும். 'இன்ன கடைக்கு எதிரே இரண்டு தூண்களுக்கு நடுவே 60 சென்டிமீட்டர்தான் இருக்கிறது' என்ற விண்ணப்பத்துக்குப் பதில் சொல்லியாகவேண்டும்.

3. அதை வார்டு அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு நகல் வாங்குங்கள். மும்பையில் 1916 என்ற மாநகராட்சி எண்ணிலும் புகார் பதியலாம். மொழி தெரியவில்லை என்று தயங்கவேண்டாம். பள்ளியில் இந்தியோ மராத்தியோ கன்னடமோ படிக்கும் உங்கள் பிள்ளைகளைக்கொண்டு எழுதுவியுங்கள். பிள்ளைகளுக்கும் அது நல்ல பாடம்.

4. சபையாரின் வாகனங்களை நடைபாதையில் நிறுத்தாதிருங்கள். கடை வைத்திருப்போர் சாமான்களை உள்ளே எடுங்கள். இதற்கு எந்த மாநகராட்சியின் அனுமதியும் வேண்டியதில்லை.

5. புதிதாக ஆலயம் கட்டும் சபைகள், வரைபடம் போடும் நாளிலேயே சாய்தளத்தையும் கழிப்பறையையும் சேர்த்துவிடுங்கள். கட்டியபின் இடித்துச் செய்வதைவிட அது மிகவும் மலிவு.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி நம் நாட்டில் 2 கோடியே 68 லட்சம் மாற்றுத்திறனாளிகள் இருக்கிறார்கள். ஏறக்குறைய நாற்பத்தைந்து பேருக்கு ஒருவர். உங்கள் சபையில் இருநூறு பேர் கூடியும் ஒரு சக்கர நாற்காலியைக்கூட, ஒரு வெள்ளைக்கோலைக்கூட நீங்கள் காணவில்லையென்றால், அப்படிப்பட்டவர்கள் உங்கள் பகுதியில் இல்லை என்று எண்ணாதிருங்கள். வாசலைப் போய்ப் பாருங்கள்.

எங்கள் காரியம் முழுவதும் முடிந்துவிடவில்லை. விண்ணப்பம் கொடுத்தபின் பொறியாளர் ஒருவர் வந்து அளந்து பார்த்து, ஒரு தூணை அகற்றுவித்தார். மின்பெட்டி அங்கேயே இருக்கிறது. பாதி வழி அந்தச் சகோதரர் இன்னும் சாலையில்தான் வருகிறார். நாங்கள் மறுபடியும் எழுதியிருக்கிறோம்.

ஆனால் புதிய கூடத்தில் முதல் ஆராதனை நடந்த நாளை நான் மறக்கமாட்டேன். அவர் தாமே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஏறிவந்தார். கடைசி வரிசை ஓரத்தில் எங்கும் விடப்படும் இடத்தில் அல்லாமல், நடுவிலே தம் மனைவியின் பக்கத்தில் அமர்ந்தார். துதி நேரத்தில் ஒருமுறை வெளியே சென்று, சற்றுநேரத்தில் திரும்பி வந்தார். ஒருவரையும் அழைக்கவில்லை. ஒருவரும் திரும்பிப் பார்க்கவும் இல்லை. நான் மாத்திரம் பிரசங்கபீடத்திலிருந்து பார்த்தேன். அவருடைய நாற்காலியின் பக்கப் பையில் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது. அதில் பாதி குடித்திருந்தது.